நிமிடத்துக்கு இருபத்தைந்து பைசா

ருவியில், டைப்பிங் சென்டருக்கு மேலே இரண்டாம் மாடி.
மேசை இரண்டு, போன் மூன்று, சத்தம் போடும் ஏசி ஒன்று.
இரவு ஒன்பதுக்கு மேல் அடிக்கத் தொடங்கும்.
நான் எடுப்பதில்லை.
என் வேலை கணக்கு.

வாடகை நூற்றெண்பது ரியால்.
போனுக்கு நாற்பத்திரண்டும் சில்லறையும்.
வாரம் இருமுறை வரும் டாக்டர் ஹுசைனா
பெட்ரோல் காசுகூட வாங்குவதில்லை.
அந்தக் கட்டத்தில் ஒரு கோடு இழுத்திருக்கிறேன்.
பக்கம் திருப்பும்போதெல்லாம்
அந்தக் கோட்டில் விரல் இடறுகிறது.

நினைத்த இடத்தில் உண்டியல் வைக்க முடியாது இங்கே.
முத்திரையில்லாமல் ஐந்து ரியால் வாங்கினாலும் வம்பு.
அதனால் சங்கத்தின் உரிமத்துக்குள்
பொங்கல் விழா, பேட்மிண்டன் கோப்பை,
அதற்கும் கீழே நாங்கள்.

கூப்பனில் முதலில் 'மனநலம்' என்றுதான் அச்சடித்தோம்.
"எங்க வீட்ல அப்படி யாரும் இல்லீங்க"
பாதிக் கதவு சாத்தியபடியே சொன்னார்கள்.
ஒன்பது விற்றது.
'தொழிலாளர் நலம்' என்று மாற்றினோம்.
அடுத்த வெள்ளியே நூற்றுப்பத்து பிரியாணி போயிற்று,
தலைக்கு இரண்டு ரியால்.
அரிசி, ஆடு, வாடகைப் பாத்திரம் போக
மீதி தொண்ணூற்றாறு.
ஒரு சொல்லை ஒளித்ததில் வந்த வரவு.
எந்தத் தலைப்பில் எழுத?

பிறகு அந்தக் காசோலை வந்தது.
ஆயிரத்து ஐந்நூறு.
கட்டுமான நிறுவனம்; மேலாளர் நேரிலேயே வந்தார்.
ஆளுயர அட்டையில் தொகையைப் பெரிதாக அடித்து
எல்லோரும் பிடித்துக்கொண்டு ஒரு படம்.
அவ்வளவுதான் கேட்டார்.

ஆறு மாதம் மூச்சுவிடலாம் என்று
மனசுக்குள் வகுத்துவிட்டேன்.
செலஸ்டின் மட்டும் எழுந்து போய்
தண்ணீர் குடித்தான். திரும்பி வரவில்லை.

கூப்பிடுகிறவர் பெயரை நாங்கள் எழுதுவதில்லை.
இடம், நேரம், எத்தனை நிமிடம்.
பதிவேட்டை இழுத்துப் பார்த்தேன்.
காலா, ஏழாம் கேம்ப். 1.20. நாற்பத்தொரு நிமிடம்.
காலா, ஏழாம் கேம்ப். 2.05.
காலா, ஏழாம் கேம்ப்.
நான்கு மாதமாகச் சம்பளம் வராத கேம்ப்.
வாசலில் தொங்குவது அவருடைய பெயர்ப்பலகை.

"எந்தத் தண்ணியா இருந்தாலும் தீ அணையும்"
என்றார் ஜைனுலாபுதீன்.
"இது அவனுங்க வேர்வைங்க, பாய்" என்றான் செலஸ்டின்.
இரண்டும் சரியாகத்தான் பட்டது.
இரண்டையும் கூட்டிப் பார்க்க எனக்குத் தெரியவில்லை.

சம்பளத்தை முதலில் போடுங்கள் என்று
பணிவாக ஒரு கடிதம் எழுதினோம்.
பதில் இல்லை.
காசோலை பேட்மிண்டன் கோப்பைக்குப் போனது.
படம் நன்றாக வந்திருந்தது.

மாதக் கடைசி. குறைவு நூற்றிருபத்தாறு.
கட்டட உரிமையாளரிடம் பத்து நாள் தவணை சொல்ல
அரபியில் வாக்கியம் கூட்டிக்கொண்டிருந்தேன்.
கதவருகே ஒருவர்.
விரல்களில் டைல்ஸ் பசை காய்ந்து வெளுத்திருந்தது.
செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்தார்,
கேட்காமலே.

"ஒரு ஆளு போன்ல பேசுனா
ஒங்களுக்கு எவ்ளோ ஆவும்மா?"

யாரும் இதுவரை கேட்டதில்லை.
வாடகையையும் போனையும் கூட்டி
மாதத்து நிமிடங்களால் வகுத்தேன்.
இருபத்தைந்து பைசா வந்தது.
காட்டினேன்.

அவரும் ஏதோ மனக்கணக்குப் போட்டார்.
சட்டைப்பையிலிருந்து இரண்டு ரியால்.
"எண்பது நிமிசம் வருமில்ல?
நான் பேசுனது அம்பதுதான்.
மிச்சம் யாருக்காச்சும் இருக்கட்டும்."

ரசீதுக்குப் பெயர் கேட்டேன்.
வேண்டாம் என்றார்.
பெயரில்லாத ரசீதை ஆடிட்டர் ஒத்துக்கொள்ளமாட்டார் என்றேன்.
"அப்ப ஒங்க பேரையே போட்டுக்கங்க."

போட்டேன். பூங்கோதை, இரண்டு ரியால்.
கார்பன் தாள் தேய்ந்திருந்ததால்
அடிக்கட்டையில் பாதிதான் விழுந்தது.

குறைவு நூற்றிருபத்து நான்கு.
உள்ளறையில் போன் அடித்தது.
"சொல்லுங்கண்ணே" என்றான் செலஸ்டின்.
அப்புறம் வெகுநேரம்
அவன் குரல் கேட்கவில்லை.